சாவி எட்டும் தூரம்

மாலைத் தியானம் முடிந்ததும் குடிலில் எல்லோரும் கஞ்சிக்குப் போவார்கள். சென்னியப்பன் மட்டும் பாறை விளிம்புக்குப் போவார். இடுப்பில் செருகியிருந்த கார் சாவியை எடுத்து, கீழ்நோக்கி நீட்டி, ஒரு தரம் அமுக்குவார். அடிவாரத்தில் புளியமரத்தடியில் நிற்கும் அவருடைய வெள்ளைக் கார் மஞ்சள் விளக்கைச் சிமிட்டி, 'கீக்' என்று ஒரு குரல் கொடுக்கும். அதற்கப்புறம்தான் அவருக்குக் கஞ்சி இறங்கும்.

"பூட்டியிருக்கான்னு பார்த்தேன்" என்பார், யாராவது கேட்டால்.

அந்தக் குன்றில் யாரும் எதையும் பூட்டுவதில்லை.

குன்று என்றாலும் பெரிய உயரமில்லை. மேலே நின்று ஒருவர் பெயரைச் சொன்னால் கீழே போகிறவர் நின்று திரும்பிப் பார்ப்பார். அந்தியூர் தாண்டி, பேருந்து நின்றுபோகும் இடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே. மேலே நான்கு ஓட்டுக் கொட்டகைகள், ஒரு சுனை, குடிலை நடத்தும் தவமணி அம்மா. அம்மாவுக்குச் சென்னியப்பனைவிடப் பத்து வயதாவது குறைவு. வருகிறவர்களை அவர் இரு என்றும் சொல்வதில்லை, போ என்றும் சொல்வதில்லை.

ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று மனைவி மரகதத்திடம் சொல்லிவிட்டு ஈரோட்டிலிருந்து வந்தவர் சென்னியப்பன். விருப்ப ஓய்வு வாங்கிய கையோடு, வீட்டுக்குள் மூச்சு முட்டுகிறது என்றார். மரகதம் தடுக்கவில்லை. பின்சீட்டில் ஒரு போர்வையையும் ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாயையும் வைத்துக் கதவைச் சாத்தினாள். அது ஆவணி. இப்போது மார்கழி. ஊறுகாய் எப்போதோ தீர்ந்துவிட்டது.

ஒரு நாள் அமுக்கினார். கார் பேசவில்லை.

மறுபடி அமுக்கினார். கையை உயர்த்தி, எக்கி நின்று, அழுத்தி அமுக்கினார். ஒன்றுமில்லை. படியில் முதல் வளைவு வரை இறங்கி அமுக்கினார். விளக்கு சிமிட்டியது. அன்றைக்குக் கஞ்சி ஆறிப்போயிருந்தது.

அடுத்த வாரம் இரண்டாவது வளைவு. அதற்கடுத்த வாரம் அதுவும் போதவில்லை.

காய்கறி வேன் ஓட்டிவரும் செங்கோடனிடம் சொல்லி, சாவிக்குள் போடும் பொத்தான் பேட்டரி ஒன்று வாங்கிவரச் செய்தார். மாற்றினார். உள்ளே இருந்த தகட்டைத் துணியால் துடைத்தார். ஊசிமுனையால் அதை லேசாக நிமிர்த்திவிட்டார். தாடையில் வைத்து அமுக்கினால் அதிக தூரம் போகும் என்று முன்பு அலுவலகத்தில் ஒருவர் சொன்னது நினைவுக்கு வர, அதையும் செய்து பார்த்தார்.

கத்தரிக்காய் மூட்டையோடு மேலே ஏறிவந்த செங்கோடன் நின்று பார்த்தான்.

"ஏஞ்சாமி, சாவியைக் கன்னத்துல வெச்சுட்டு ஆருகிட்டப் பேசறீங்க?"

"வண்டிகிட்டடா."

"எடுக்குதுங்களா?"

"எடுக்கலை."

"ஊட்டுல கோவமாட்டம் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அவன் மூட்டையோடு சமையல் கொட்டகைக்குள் போய்விட்டான். சென்னியப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா சுனைக்கரையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். சென்னியப்பன் எதிரே போய் உட்கார்ந்தார்.

"ஒரு கேள்விங்கம்மா."

"கேளுங்க."

"சாவி முன்னைமாதிரி தூரம் எட்ட மாட்டேங்குது."

"இது தியானக் கேள்வியா, மெக்கானிக் கேள்வியா?"

"தெரியலைங்கம்மா."

அம்மா ஒரு கொத்துக் கீரையை அவர் பக்கம் தள்ளினார். அவரும் உருவ ஆரம்பித்தார்.

"எதுக்குத் தினமும் அமுக்கறீங்க?"

"இருக்குதான்னு பார்க்கத்தான்."

"இருந்தா?"

"மனசு அமைதியா இருக்கும்."

"போகணும்னு தோணுமா?"

சென்னியப்பன் யோசித்தார். பொய் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அம்மா கீரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைங்கம்மா. போகலாம்னு தோணும்."

அம்மா காம்புகளைத் தனியே ஒதுக்கிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சென்னியப்பன் செல்போனை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போனார். அங்கே ஓர் ஓரத்தில்தான் டவர் கிடைக்கும். முதல் மாதங்களில் மரகதம் மூச்சுவிடாமல் பேசுவாள். மோட்டார் தண்ணி எடுக்கவில்லை, முருங்கைமரம் காற்றில் சாய்ந்துவிட்டது, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் கூடியிருக்கிறது. முடிக்கும்போது கேட்பாள், "எப்ப வர்றீங்க?" ஒவ்வொரு வாரமும் கேட்டாள். பார்க்கலாம் என்பார். பிறகு ஒரு வாரம் அவள் கேட்கவில்லை. அப்போது அவருக்கு ஒரு பாரம் இறங்கினாற்போல இருந்தது. அப்படி இருந்ததே என்பதை நினைத்து இப்போது இரவில் புரண்டு படுக்கிறார்.

"மரகதம்."

"ம்."

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன்."

"மோட்டாரு?"

"ஓடுது."

"முருங்கைமரம்?"

"அதை வெட்டியாச்சுங்க."

"எப்ப?"

"அது ஆச்சு. நீங்க சாப்டீங்களா?"

"சாப்பிட்டேன். நீ?"

"ம்."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்ன சொல்வது என்று தெரிவதற்குள், "வெச்சுடட்டுங்களா?" என்றாள். கோபமில்லாத குரல். கோபமாவது இருந்திருக்கலாம்.

பாறையிலேயே நின்றார். வெயில் நன்றாக ஏறிவிட்டது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அமுக்கினார். இரண்டு வளைவும் இறங்கி அமுக்கினார். கடைசிப் படியில் நின்று, வண்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அமுக்கினார். கார் சும்மா நின்றது. மேலே புளிய இலைச் சருகும் பறவை எச்சமும்.

திரும்பி மேலே ஓடினார். ஐம்பத்து நான்கு வயதில் அந்தப் படிகளை ஓடி ஏறுவது லேசல்ல. அம்மாவின் முன்னால் நின்று மூச்சு வாங்கினார்.

"பக்கத்துல நின்னாக்கூடப் பேசலைங்கம்மா."

"சாவிக்குச் செய்யறதெல்லாம் செஞ்சாச்சா?"

"எல்லாம் செஞ்சாச்சுங்க. புதுப் பேட்டரி. துடைச்சாச்சு. தகட்டை நிமிர்த்தியாச்சு."

"சரி, வாங்க" என்று அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டார்.

இருவரும் இறங்கினார்கள். அம்மா காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். கண்ணாடியில் படிந்திருந்த தூசியை உள்ளங்கையால் வழித்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"உள்ளே உட்காருங்க."

ரிமோட்டுக்குள் மடங்கியிருந்த இரும்புச் சாவியை நீட்டி, பூட்டுத் துளையில் விட்டுத் திருகிக் கதவைத் திறந்தார் சென்னியப்பன். அடைபட்ட காற்று முகத்தில் அடித்தது. அதில் நார்த்தங்காய் வாசனை இன்னும் கொஞ்சம் இருந்தது. உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். 'டிக்' என்றது. மறுபடி திருப்பினார். 'டிக்' என்பதும் இல்லை. முன்னால் ஒரு விளக்குகூட எரியவில்லை.

சாவியைப் பிடித்தபடியே இருந்தார்.

"கோளாறு சாவியில இல்லைங்கம்மா" என்றார் கடைசியில்.

அம்மா மரத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

செங்கோடன் வேன் வரும்வரை காத்திருந்தார்கள். அவன் வந்து பானெட்டைத் திறந்து பார்த்து உச்சுக்கொட்டினான். சிவப்பும் கறுப்புமாய் இரண்டு வயர்களை எடுத்துவந்து தன் வேன் பேட்டரியோடு கார் பேட்டரியைச் சேர்த்தான்.

"கடைசியா எப்ப ஓட்டுனீங்க?"

"வந்த அன்னைக்கு."

"அப்புறம்?"

"ஓட்டலை. தினமும் மேலேயிருந்து அமுக்கிப் பார்ப்பேன். விளக்கு எரியும்."

செங்கோடன் நிமிர்ந்தான். "ஓடுனாத்தானுங்க சார்ஜ் ஏறும். அமுக்குனா ஏறுமுங்களா? சும்மா நிறுத்துனாலே இறங்கும். இதுல நீங்க தினமும் எழுப்பிவேற உட்டிருக்கறீங்க. இத்தனை நாள் தாக்குப்பிடிச்சதே பெரிசுங்க சாமி. இப்பத் திருப்புங்க."

திருப்பினார். இருமுவதுபோல இருமி, ஒரு குலுங்கு குலுங்கி, கார் உயிர் பிடித்தது.

"அணைச்சுப்புடாதீங்க. அணைச்சா மறுக்கா எந்திரிக்காது. நல்லா தொலைவா ஒரு ஓட்டு ஓட்டுங்க" என்று வயர்களைச் சுருட்டிக்கொண்டு செங்கோடன் வேனில் ஏறினான். அவன் கிளப்பிய புழுதி அடங்கச் சற்று நேரம் ஆயிற்று.

சென்னியப்பன் இறங்கி, திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் தரையில் இருந்தது. என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

"நான் மறந்துடலைங்களேம்மா. ஒரு நாள் விடாம கூப்பிட்டேன்."

"கூப்பிட்டீங்க."

"அதுவும் பதில் சொல்லிச்சு."

"சொல்லிச்சு. தன்கிட்ட இருந்ததை எடுத்து எடுத்துச் சொல்லிச்சு."

அவர் சாலையைப் பார்த்தார். வேன் வளைவில் மறைந்துவிட்டிருந்தது. கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. சாவி வண்டியில் இருந்தது.

"இத்தனை நாள் கழிச்சுப் போய் வாசல்ல நின்னா, கதவைத் திறப்பாளாம்மா?"

யார் என்று அம்மா கேட்கவில்லை. குனிந்து, வண்டி சரியாமலிருக்க முன்சக்கரத்துக்கு அண்டைகொடுத்திருந்த கல்லை இரண்டு கையாலும் பெயர்த்து ஓரமாக உருட்டிவிட்டார். கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"அது இங்கிருந்து தெரியாதுங்க" என்றார்.