முதல் வரிக்கு ஒரு திரை

பேராசிரியர் அறவாழி பகுத்தறிவு மேடை ஏறினால் முதல் அடி பிள்ளையாருக்குத்தான் விழும். அப்பேர்ப்பட்டவர் வீட்டுக் கணினியில், ஆய்வு மாணவி பவளக்கொடி நிறுவிக் கொடுத்த லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் அவர் எழுதிய கணிதப் புத்தகத்தைப் பிடிஎஃப் ஆக்க மறுத்தது. மேடைத் தோழர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்க, அவளை வரவழைத்துக் கத்தினார்.

“நீ போட்டுக் கொடுத்த லட்சணம் இது! இப்பவே சரி பண்ணு. என் எழுத்துல ஒண்ணை அழிச்சாலும் உன் ஆய்வேட்டுல கையெழுத்து கிடையாது.”

அவள் கோப்பைத் திறந்தாள். எல்லாக் கட்டளைகளுக்கும் மேலே, தன்னந்தனியாக ஒரு ‘உ’. பிள்ளையார் சுழி! கட்டளைக்கு முன்னால் எழுத்து வந்தால் லேடெக் நின்றுவிடும்.

அறவாழிக்கு வியர்த்தது. விரல் பழக்கத்தில் செய்த வேலை. தோழர் ஒருவர் எட்டிப் பார்க்க எழுந்தார்.

பவளக்கொடி சுழிக்கு முன்னால் ஒரு சதவீதக் குறியைத் தட்டினாள். பிடிஎஃப் வந்துவிட்டது.

“எதையும் அழிக்கலை சார்,” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. “இந்தக் குறி போட்டா அந்த வரி அச்சுல வராது, திரை போட்ட மாதிரி. பிள்ளையார் உள்ளேயே இருக்கட்டும்.”

தலை நிமிராமல் அவளுடைய ஆய்வேட்டை வாங்கினார். கையெழுத்துப் போட எடுத்த பேனா, தானாகவே தாளின் உச்சிக்குப் போய்ச் சுழிக்க ஆரம்பித்தது.

பவளக்கொடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.