ஈரம் மாமாவும் விறைப்பான் அப்பளமும்

நான் சொல்றது ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். பொய்யின்னா இனிமே எந்தப் பந்தியிலயும் என் இலையில அப்பளமே விழாம போகட்டும்!

ஒரு ஊர்ல முத்துராக்குன்னு ஒருத்தி, கல்யாணத்துக்கு அப்பளம் போட்டுக் குடுக்கறவ. அவ பாயில காஞ்ச கூட்டத்துல ஒருத்தன் பேரு விறைப்பான். மாப்பிள்ளை இலையில முழுசா போய் உக்காரணும், அதான் அவனுக்கு ஒரே ஆசை.

முத்துராக்கு கைப்பழக்கம் என்னன்னா, அப்பளம் பாதி காஞ்சு, வளையற பக்குவத்துலயே எடுத்து அடுக்கி, மேல பலகைய வெச்சிடுவா. அப்பத்தான் தட்டையா நிக்கும். அப்புறமா திரும்பக் காயவைப்பா.

"தொளதொளப் பயலுகளா, நீங்க போங்கடா! நான் நல்லா முறுக்கேறிட்டு வர்றேன்"ன்னு விறைப்பான் பாயோரத்துல ஒளிஞ்சுக்கிட்டான்.

சாயங்காலம் பாத்தா, பய கண்ணாடி கணக்கா விறைச்சு, ஓரமெல்லாம் சுருண்டு கெடக்கான்.

"அட கோணமூஞ்சி! பலகைக்கு அடியில வெச்சா பொடியாயிருவியே. காக்காய்க்குத்தான் போடணும்"னா முத்துராக்கு.

பக்கத்துல கெடந்த ஈரத்துணியிலேருந்து ஈரம் மாமா எட்டிப் பாத்தாரு. "மாப்ளே, உள்ள வரட்டுமா?"

"போய்யா! உன்னை வெரட்டத்தானே நாள் பூரா வெயில்ல வெந்தேன்!"

"கூறுகெட்டவனே, உனக்குள்ள மாவுப் பயலுக நெருக்கியடிச்சு நிக்கிறானுக, அசைய எடமில்ல. நான் ஊடால நுழைஞ்சாத்தான் ஒவ்வொருத்தனும் நகருவான், நீயும் வளைவே. வேணாம்னா சொல்லு, போயிடறேன்."

கூரை மேல காக்கா கத்துச்சு.

"ஐயோ, வாங்க மாமா, வாங்க!"

"ஒரு தடவ பாப்போம்"னு முத்துராக்கு துணியப் போத்துனா. செத்த நேரத்துல பய வெத்தலையா வளைஞ்சான். பலகைக்கு அடியில படுத்தான், மறுநாள் வெயில்ல காஞ்சான், எண்ணெயில குதிச்சு ஊதிப் பொரிஞ்சு, ஜம்முனு மாப்பிள்ளை இலையில போய் உக்காந்துட்டான்.

ரசத்து ஆவியோட வந்தாரு ஈரம் மாமா. "மாப்ளே, உள்ள வரட்டுமா?"

"மாமா, அன்னைக்கு நீங்க வரலேன்னா நான் தூளு. இன்னைக்கு வந்தீங்கன்னா நான் துணி. கும்புட்டுக்கறேன், வெளியவே நில்லுங்க!"

"நான் நிப்பேன்டா. இந்த மாப்பிள்ளை ஊர்க்கதை பேசறத நிறுத்திட்டு உன்னைக் கடிக்கணுமே!"

கதை கேட்டதுக்குக் கூலி வேணாமா? பந்தியில வாயப் பொளந்துக்கிட்டே உக்காந்திருக்கீங்களே, உங்க இலையில இருக்கற அப்பளத்த இப்படித் தள்ளுங்க. சீக்கிரம்! மாமா உங்க ரசத்தத் தாண்டிட்டாரு!