களிக்கு ஒரு துடுப்பு, படகுக்கு ஒரு துடுப்பு

மண்டூகப்பட்டிக்காரர்களுக்கும் தலை உண்டு. தலைப்பாகை கட்ட அது வசதியாக இருந்தது. வேறெதற்கும் அவர்கள் அதைப் பயன்படுத்தியதாகத் தகவல் இல்லை.

அந்த வருஷம் எதிர்க்கரை ஊரோடு ஏரியில் படகுப் போட்டி. தோற்கிற ஊர் ஒரு வருஷம் ஏரியில் வலை வீசக் கூடாது. மண்டூகப்பட்டிப் படகில் ஐந்து பேர், தலைவன் பெத்தண்ணன். அவன் மனைவி மரிக்கொழுந்து மீன் விற்றுத்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஊருக்கு மருத்துவ முகாம் நடத்த வந்திருந்த டாக்டரம்மாவிடம் போய் யோசனை கேட்டார்கள்.

"நாலு மைல் தூரமாச்சே! உடம்புல மாவுச்சத்து ஏறணும். துடுப்புப் பிடிக்கிறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடியே நல்லா களி சாப்பிட்டுடுங்க. வெறும் வயித்தோட துடுப்பைத் தொட்டீங்கன்னா பாதியிலேயே தெம்பு போயிடும்," என்றார் அவர். யாரிடம் பேசுகிறோம் என்று பாவம், அவருக்குத் தெரியவில்லை.

போட்டியன்று விடிகாலையில் உலை கொதித்தது. கேழ்வரகு மாவைக் கொட்டினார்கள். களி கிண்டுகிற கட்டைக்கும் அந்த ஊரில் துடுப்பு என்றுதான் பேர். ஐவரில் ஒருவனான சடையன் அதை எடுக்கப் போனான்.

"டேய்! களி சாப்பிட்டியா?" என்று அலறினான் பெத்தண்ணன்.

"இன்னும் கிண்டவே இல்லியேண்ணே."

"அப்ப துடுப்பைத் தொடாதே!"

உடனே சபை கூடியது.

"களி தின்னவன்தான் துடுப்பைத் தொடணும்," என்றான் பெத்தண்ணன்.

"துடுப்பைத் தொட்டாத்தானேண்ணே களி?" என்றான் சடையன்.

"அப்ப மொத மொதல்ல களி கிண்டினவன் என்னத்தத் தின்னுட்டுக் கிண்டியிருப்பான்?" என்று கேட்டான் காத்தான்.

கேள்வியின் ஆழத்தில் ஐவரும் மெய்சிலிர்த்து உட்கார்ந்துவிட்டார்கள். பானை அடிப்பிடித்தது.

"தள்ளுங்கய்யா, நான் கிண்டித் தொலைக்கிறேன்," என்று வந்தாள் மரிக்கொழுந்து.

"நீ சாப்பிட்டியா?" என்று மறித்தான் பெத்தண்ணன்.

"நேத்துலேர்ந்து பட்டினி."

"பட்டினியா! அடிப்பாவி, ஏரியையே தோக்கப் பாத்தியே!"

கடைசியில் ஏரியைச் சுற்றி நடந்தே போய், எதிர்க்கரைக்காரர்களிடமே களி கேட்டார்கள். அவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு அண்டா நிறையக் கொடுத்தார்கள். எட்டரை மணிக்குத் தின்று முடித்தார்கள். ஒன்பதுக்குப் போட்டி.

விசில் ஊதியதும் எதிர்க்கரைப் படகு பறந்தது. நம் வீரர்கள் கையைக் கட்டிக்கொண்டு படகில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மணி நேரம் ஆக இன்னும் இரண்டரை மணி பாக்கி. பதினொன்றரைக்குத்தான் துடுப்பை எடுத்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமாகத்தான் வலித்தார்கள். போய்ச் சேர்ந்தபோது, எல்லையில் நட்டிருந்த கொடியைக்கூட எதிர்க்கரைக்காரர்கள் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

"பாத்தியா, தெம்பு துளிகூடக் குறையலை!" என்று மார்தட்டியபடி, நால்வரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான் பெத்தண்ணன்.

வாசலில் மரிக்கொழுந்து காலி மீன்கூடையோடு நின்றிருந்தாள். கூடையை வீசியெறிந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, களித் துடுப்பைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தாள்.

ஐவரும் பிடித்தார்கள் ஓட்டம். ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்துப் பெத்தண்ணன் கெஞ்சினான்:

"அடியே, வெறும் வயித்தோட துடுப்பைத் தொடாதே! ரெண்டு பேரை அடிக்கிறதுக்குள்ள தெம்பு போயிடும்!"