மலைக்குக் கொண்டுபோன கம்பளி

பனங்குளத்தின் கரையில் தும்பை என்ற முயல் வாழ்ந்து வந்தாள். அடுத்த வளையில் வேம்பன் என்ற கீரி இருந்தான். வேம்பன் அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவன். தும்பை அப்படியல்ல. அவள் மேற்கே தெரியும் மஞ்சுமலையில் பிறந்தவள்.

ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு கோடையில் மலைப்புல் தீப்பிடித்தது. முயல்கள் திசைக்கொருவராக ஓடினார்கள். தும்பை ஓடிய வழி கீழே இறங்கியது. குளத்தைக் கண்ட பிறகுதான் நின்றாள். அப்போது அவள் முதுகில் அம்மாவின் கம்பளி ஒன்றுதான் இருந்தது. அம்மா அந்தக் கோடையைத் தாண்டவில்லை என்று பிறகு செய்தி வந்தது. தங்கை நீலி மட்டும் மலையிலேயே தங்கிவிட்டாள்.

வெயில் தாழ்ந்ததும் தும்பை கரையில் உட்கார்ந்து மலையைப் பார்ப்பாள். வேம்பனும் வந்து பக்கத்தில் உட்காருவான்.

"எங்க மலையில எப்பவும் குளிர்தான் வேம்பா," என்பாள். "குட்டிங்க ஆறு பேரும் இந்தக் கம்பளிக்குள்ளதான் கிடப்போம். யாரு காது யாரு மூக்குல இடிக்குதுன்னே தெரியாது. அம்மா வந்து ஓரத்தை இழுத்து விடுவாங்க. அப்புறம் உள்ளே அப்படி ஒரு கதகதப்பு."

வேம்பன் இதை எத்தனையோ தடவை கேட்டிருந்தான். ஆனாலும் கேட்பான். அதைச் சொல்லும்போது தும்பையின் முகம் சின்னக் குட்டியின் முகமாகிவிடும். அதைப் பார்க்க அவனுக்குப் பிடிக்கும்.

ஒரு புரட்டாசிக் காலையில் வாலாட்டிக் குருவி ஒன்று கரையில் வந்து இறங்கியது. மலைக்கும் குளத்துக்கும் போய்வருகிற குருவி அது.

"தும்பை, உன் தங்கச்சி நீலிக்கு நாலு குட்டி பிறந்திருக்கு," என்றது. "பௌர்ணமியன்னிக்குப் பேர் வைக்கிறாங்க. மூத்ததுக்கு உங்க அம்மா பேராம். பெரியம்மா வந்து காதுல சொன்னாத்தான் பேரு, இல்லேன்னா குட்டி பேரில்லாமலே இருக்கட்டும்னு சொல்லிட்டா."

தும்பைக்குக் கண் நிறைந்தது. பௌர்ணமிக்கு இரண்டே நாள் இருந்தது. மறுநாள் விடியும்போது கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் ஏறிவிடலாம்.

"தனியாப் போகாதீங்கக்கா. நானும் வரேன்," என்றான் வேம்பன். "வழியில நரி இருக்கும். அதோட, நீங்க சொல்லிச் சொல்லி எனக்கும் அந்த மலையைப் பார்க்கணும்னு ஆசை."

தும்பை தன் மூட்டையைக் கட்ட ஒரு நொடி கூட ஆகவில்லை. கம்பளியை எடுத்து உதறினாள். அவ்வளவுதான்.

வேம்பனோ குருவியிடம் போனான். "மலையில இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"எப்பன்னா எப்ப?" என்றது குருவி. "நான் கிளம்பும்போது வெயில். பாதி வழியில மழை. தண்ணி குடிக்க இறங்கினேன், காத்து என்னைத் தள்ளிக்கிட்டே போச்சு."

"இதெல்லாம் ஒரே நாள்லயா?"

"ஒரே காலையில."

வேம்பன் யோசித்தபடி வளைக்குத் திரும்பினான். மெல்லிய பருத்திச் சட்டை இரண்டு எடுத்தான். ஒன்றைப் போட்டுக்கொள்ள வைத்தான். இன்னொன்றைத் தாமரை இலையில் நீர் புகாதபடி சுற்றினான். கையில்லாத கம்பளிச் சட்டை ஒன்றை எடுத்தான். தலையிலிருந்து முதுகுவரை மூடுகிற ஓலைக் கொங்காணி ஒன்றையும் எடுத்தான். எல்லாம் சேர்த்தும் தும்பையின் கம்பளியில் பாதி கனம் இல்லை.

தும்பை பார்த்துச் சிரித்தாள். "என்னப்பா, மேலே போய்த் துணிக்கடை போடப் போறியா? மலையில பிறந்தவ நான் சொல்றேன். அங்கே இருக்கறது குளிர் ஒண்ணுதான். அதுக்குக் கம்பளி ஒண்ணு போதும்."

"நீங்க அங்கே பிறந்தவங்க," என்றான் வேம்பன். "எனக்கு அங்கே ஒண்ணுமே தெரியாது. அதான் எல்லாத்துலயும் கொஞ்சம் எடுத்துக்கறேன்."

மறுநாள் விடியலில் இருவரும் கிளம்பினார்கள். கம்பளியைச் சுருட்டித் தூக்க முடியவில்லை, அத்தனை பருமன். தும்பை அதைப் போர்த்திக்கொண்டே நடந்தாள்.

அடிவாரத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. ஏற்றம் வேறு. வேம்பன் மெல்லிய சட்டையோடு சுலபமாக ஏறினான். தும்பைக்குக் கம்பளிக்குள் வியர்த்துக் கொட்டியது. வயிற்று ரோமமெல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டது.

"கொஞ்ச நேரம் கழட்டிக் கையில வெச்சுக்கோங்கக்கா."

"கையில வெச்சுக்கிட்டு எப்படி ஏறுறது? இன்னும் கொஞ்ச தூரம்தான். மேலே போனா குளிர் வந்துடும்."

சொன்னதுபோலவே மூங்கில் காட்டைத் தாண்டியதும் காற்று குளிர்ந்தது. வேம்பன் நின்று சட்டையின் மேல் கம்பளிச் சட்டையை மாட்டினான். தும்பைக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தியா? எனக்கு நிக்க வேண்டிய வேலையே இல்லை," என்றாள்.

அங்கிருந்து அவளுக்குத் தெரிந்த இடங்கள் வரத் தொடங்கின. "இந்தப் பாறையில நான் வழுக்கி விழுந்தேன். இந்த ஓடையில நீலி தன் முகத்தைப் பார்த்துட்டு வேற யாரோன்னு பயந்து ஓடினா." சொல்லிக்கொண்டே நடந்தாள். கால் வலியே தெரியவில்லை. காய்ந்த பெரணிச் செடியின் வாசம் வந்தபோது அவள் சற்று நின்றாள். அம்மாவின் கழுத்தில் எப்போதும் அந்த வாசம் இருக்கும். அவள் அதைச் சொல்லவில்லை. வேம்பனும் ஏனென்று கேட்காமல் அவளோடு நின்றான்.

சோலைக்குள் நுழைந்ததும் தூறல் பிடித்துக்கொண்டது. வேம்பன் கம்பளிச் சட்டையைக் கழற்றி மூட்டைக்குள் வைத்தான். மூட்டைக்கும் தனக்கும் மேலாகக் கொங்காணியைப் போட்டுக்கொண்டான். "உள்ளே வாங்கக்கா," என்று கூப்பிட்டான்.

"வேண்டாம்ப்பா. இந்தக் கம்பளி பார்க்காத மழையா?"

கம்பளி மழையைக் குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது. முதலில் கனத்தது. பிறகு தரையில் இழுபட்டது. வெளியே மழைநீர், உள்ளே காலையில் வியர்த்த ஈரம். சோலை முடிந்து புல்வெளி வந்தபோது தும்பை ஒவ்வோர் அடிக்கும் மூச்சு வாங்கினாள்.

புல்வெளியில் மறைவு கிடையாது. மேற்கிலிருந்து காற்று வீசியது. அதன் பின்னாலேயே வெள்ளை மூடுபனியாக மஞ்சு வந்து வழியை மூடியது. தும்பையின் பற்கள் கிடுகிடுவென்று அடித்தன. சற்று நேரத்தில் அது நின்றுவிட்டது.

"வேம்பா," என்றாள் மெதுவாக. "நான் கொஞ்சம் உட்கார்ந்துட்டு வரேன். இப்பக் குளிரலை. தூக்கம்தான் வருது."

வேம்பன் திரும்பிப் பார்த்தான். அவள் காதுகளைத் தொட்டான். இரண்டும் ஓடைக்கல் போலச் சில்லென்று இருந்தன. அவனுக்குப் பயம் பிடித்தது. மலையைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் உடம்பு சில்லிட்ட பிறகு வருகிற தூக்கம் நல்ல தூக்கம் இல்லை என்று தெரியும். அவளைத் தள்ளிக்கொண்டுபோய் ஒரு பாறை இடுக்கில் சேர்த்தான்.

"அந்தக் கம்பளியைக் கழட்டுங்கக்கா."

"குளிருல கம்பளியைக் கழட்டச் சொல்றியே, உனக்கென்ன பைத்தியமா?"

"அது இப்பக் கம்பளி இல்லை. தண்ணி."

"அம்மாவோடது வேம்பா. இதை விட்டுட்டு நான் வரமாட்டேன்."

"கம்பளி எங்கேயும் போயிடாதுக்கா. நீங்கதான் போயிடுவீங்க," என்றான் வேம்பன்.

தும்பை பிடியை விட்டாள். வேம்பன் கம்பளியை இழுத்துக் கழற்றினான். தன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவள் ரோமத்தை அழுத்தித் துடைத்தான். தாமரை இலையைப் பிரித்து உலர்ந்த சட்டையைப் போட்டுவிட்டான். அதன் மேல் தன் கம்பளிச் சட்டையை மாட்டினான். எல்லாவற்றுக்கும் மேலாகக் கொங்காணியைப் போர்த்தினான். அவனுக்கு மிஞ்சியது காலையில் போட்ட ஒற்றைச் சட்டைதான். கொங்காணியின் ஓரத்தில் அவளை ஒட்டி உட்கார்ந்துகொண்டான்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தும்பையின் உடம்பில் சூடு ஏறியது. மறுபடி நடுங்கினாள். உடம்பு மறுபடி குளிரை உணர்கிறதே என்று வேம்பன் சந்தோஷப்பட்டான்.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. இத்தனை வருடமாக வராத நினைவு. மழையில் நனைந்து வரும்போதெல்லாம் அம்மா முதலில் ஈரத்தைத்தான் கழற்றுவாள். புல்லால் துடைப்பாள். மெல்லிய துணி ஒன்றைச் சுற்றுவாள். வெயில் வந்தால் அதை உருவிவிடுவாள், காற்று வந்தால் இன்னொன்றைச் சேர்ப்பாள். நாள் முழுதும் ஆறு குட்டிகளுக்கும் போடுவதும் கழற்றுவதுமாகவே இருப்பாள். எல்லாம் முடிந்து படுக்கும்போதுதான் கம்பளி வரும்.

"எனக்குக் கதகதப்பு மட்டும்தான் ஞாபகம் இருந்தது வேம்பா," என்றாள். "அதுக்காக அம்மா என்னென்ன பண்ணினாங்கன்னு ஞாபகமே இல்லை."

"குட்டிக்கு எப்படித் தெரியும்? போட்டதும் கழட்டினதும் அவங்கதானே."

தும்பை கொங்காணியின் ஓரத்தை இழுத்து அவன் மேலும் போட்டாள். அழுதாளோ என்னவோ, ஈரத்தில் தெரியவில்லை.

மஞ்சு வந்த வேகத்திலேயே விலகியது. வெயில் அடித்தது. நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கம்பளியைப் பாறைமேல் விரித்து நான்கு மூலையிலும் கல்லை வைத்துவிட்டு இருவரும் நடந்தார்கள். ஏற்றத்தில் தும்பைக்கு உடம்பு சூடேறியது. இந்தத் தடவை வேம்பன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வியர்க்கும் முன்பே கம்பளிச் சட்டையைக் கழற்றி அவனிடம் நீட்டினாள். "நீ போட்டுக்கோ. உன் மூக்கு வெளுத்துப் போச்சு," என்றாள்.

பொழுது சாயும் நேரத்தில் நீலியின் வளைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நீலி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கீரியின் சட்டையும் ஓலைக் கொங்காணியுமாக வந்தவளை அவளுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. பிறகு அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"இவன் வேம்பன். குளத்தங்கரையில என் பக்கத்து வளை," என்றாள் தும்பை. "இவன் இல்லேன்னா நான் இங்கே வந்திருக்க மாட்டேன்."

மறுநாள் பௌர்ணமி. காலையில் நீலியின் கணவன் போய்க் கம்பளியை எடுத்து வந்தான். வாசல் வெயிலில் போட்டு மதியத்துக்குள் அதை நன்றாகக் காயவைத்தார்கள். வளைக்குள் விரித்து நான்கு குட்டிகளையும் அதில் போட்டார்கள். உடனே ஒன்றின் காது ஒன்றின் மூக்கில் இடித்தது. வளைக்குள் படுக்க அதைவிட நல்லது வேறில்லை. வழியில் நடப்பதற்குத்தான் அது உதவவில்லை. இனி அது இங்கேயே இருக்கட்டும் என்று தும்பை சொல்லிவிட்டாள்.

பிறகு மூத்த குட்டியை மடியில் எடுத்தாள். அதன் பஞ்சுக் காதருகே குனிந்து அம்மாவின் பெயரை மூன்று முறை சொன்னாள். வெகுகாலம் வாய்விட்டுச் சொல்லாத பெயர். குட்டி கொட்டாவி விட்டது. வாசலில் வெயிலும் தூறலும் சேர்ந்தே விழுந்துகொண்டிருந்தன.

பழகிய இடம்தானே என்று பழைய நினைவை மட்டும் நம்பிக் கிளம்பாமல், நொடிக்கொரு விதமாக மாறும் மலைக்கு, வேண்டும்போது சேர்க்கவும் வேண்டாதபோது கழற்றவும் ஏற்றபடி உடுப்புகளை அடுக்கிக்கொண்டு போகிறவரே தானும் சுகமாகச் சேர்வார், உடன் வருபவரையும் சேர்ப்பார்.