கித்தேரியான் கை காட்டிய மீன்கள்

கித்தேரியான் வாயாலேயே கப்பல் ஓட்டுகிறவன். விசைப்படகில் ஐஸ் உடைப்பதும், நங்கூரம் சிக்கினால் முங்கி எடுப்பதும் அவன் வேலை. படகைச் செலுத்திய பழைய தண்டல், வேலையை விட்டுப் போனதும் இவனுக்குச் சுக்கான் மேல் ஆசை வந்துவிட்டது. புதுத் தண்டல் யாரென்று படகுக்காரி ரெஜினம்மாள் இன்றைக்குச் சொல்வதாக இருந்தாள். அவள் படகுத்துறையில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருக்க, அவள் காதில் விழும்படி ஆரம்பித்தான்.

"பவளப்பாறைக்குள்ள முங்கினேன் பாத்துக்கோங்க. விரல் நீளத்துக்கு மீனுவ, ஆரஞ்சும் ஊதாவுமா, கோடி இருக்கும். நான் இடது கையைத் தூக்கினா எல்லாம் இடது பக்கம். வலது கையைத் தூக்கினா வலது பக்கம். ஒண்ணு பிசகலை."

"மூக்கு அரிச்சா என்னலே செஞ்சே?" என்றான் கூட வலை பிரித்த வியாகுலம்.

"சொறிஞ்சேன். அம்புட்டும் சொறிஞ்சுது."

கித்தேரியானுக்குச் சூடு பிடித்துவிட்டது. "அன்னைக்கு இஞ்சின் நின்னுட்டு. கையைக் காட்டினேன். அத்தனையும் படகுக்கு அடியில முட்டுக் கொடுத்து, எதிர்க்காத்துல கரை வரைக்கும் தள்ளிட்டு வந்துதுவ. அடிப்பலகை காஞ்சு கிடந்துதுலே."

"அப்படியே பெயிண்டும் அடிச்சு விட்டிருக்குமே."

"அதுக்கு நேரம் ஏது? கலங்கரை விளக்கு அணைஞ்சு போச்சு. ஒரு கப்பல் பாறையில ஏறப்போவுது. மீனுவளை ஒண்ணு மேல ஒண்ணா நிக்க வச்சேன். ஊதா, ஆரஞ்சு, ஊதா, ஆரஞ்சுன்னு மின்னிச்சுதுவ. கேப்டன் தொப்பியைக் கழட்டிட்டுல்லா போனாரு!"

ரெஜினம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். கித்தேரியானுக்கு நிஜமாகவே கண்ட ஒன்றையும் அவளிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அங்கேதான் கெட்டான்.

"அக்கா, அந்தக் கூட்டத்தை நடத்துனது ஒரு ஆம்பளை மீனு. அதைக் களவா மீன் முழுங்கிட்டு. கொஞ்ச நாள்ல, இருக்கதுலயே பெரிய பொம்பளை மீனு நெறம் மாறி, ஆம்பளையாவே ஆயி முன்னால போவுது."

வியாகுலம் வலையைப் போட்டுவிட்டு எழுந்தான். "லே, கலங்கரை விளக்கு வரைக்கும் நம்பினேன். புளுகுக்கும் ஒரு அளவு வேண்டாமா?"

"மாதா சத்தியமா இது மட்டும் நெசம்லே!" கித்தேரியானுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நெசந்தான்," என்றாள் ரெஜினம்மாள். "எங்க வீட்டுக்காரர் கண்ணை மூடின பிறகு நான் நடத்தலையா? இந்தப் படகு என்ன, நின்னா போச்சு?"

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படகில் ஏறினாள்.

"எங்கப்பாவோட வல்லப் படகுல சுக்கான் பிடிச்ச கைதான் இது. இனி நானே தண்டல். கித்தேரியான், அந்த இடது கையைத் தூக்கு. ஐஸ் கூடையை ஏத்தணும்."