உள்பக்கம் திரும்பிய திரை

பொருநைக் கரை ஊரொன்றில் சங்கரவடிவு அம்மையார் என்றோர் அடியார் இருந்தார். கல்யாண வீடுகளுக்குத் தலையணை உறையில் கிளி போட்டுக் கொடுப்பது அவர் பிழைப்பு. கட்டம் கட்டமாக நெய்த மேட்டித் துணியில் இழையெண்ணி, பெருக்கல் குறிகளாகத் தைக்கிற வேலை. ஒரு சாய்வுக்குச் ‘சிவ’, அதன் மேல் மறுசாய்வுக்குச் ‘சிவ’ என்று சொல்லாமல் ஊசியை இழுக்கவே மாட்டார்.

ஊர்ச் சிவனாரின் கருவறைக்குக் காளை போட்ட திரையொன்று தைத்துச் சாத்த வேண்டும் என்று ஆசைப்பட்டார். லேசான ஆசையா அது? நான்கு வருடத்தை விழுங்கிற்று. நாமத்தில் மனம் தோய்ந்தால் எண்ணிக்கை தப்பும். ஒரு கட்டம் தப்பினால் போதும், கொம்பு காதுக்குள் முளைக்கும். மூன்றாம் முறை பிரிக்க நேர்ந்தபோது, கோபுரத்தைப் பார்த்துக் கத்தியே விட்டார்.

“உம்ம பேரைச் சொன்னா எண்ணிக்கை போகுது. எண்ணிக்கையப் பாத்தா உம்ம பேரு விட்டுப் போகுது. நான் என்னதான்வே செய்ய?”

முணுமுணுத்துக்கொண்டே மறுபடி தைத்தார்.

தர்மகர்த்தாவோ அதற்குள் மெஷினில் பூப்போட்ட வெல்வெட் திரை வாங்கிவிட்டார். “யக்கா, திருவாதிரைக்கு ஒருநாள் உங்க திரையப் போடுவோம். நல்லாயில்லன்னா கழட்டிருவேன்” என்றார்.

திருவாதிரையும் வந்தது. அலங்காரத்துக்காகத் திரையை இழுத்தார்கள். கூட்டத்தின் பக்கம் தெரிந்தது பின்புறம்! முடிச்சும் பிசிருமாக ஒரே அலங்கோலம். “காளையா, கரடியா?” என்று சிரித்தார்கள். “நான் நேராத்தானே மாட்டினேன்” என்று குருக்கள் விழித்தார், திருப்பி மாட்டினார். மணியடித்து நிமிர்வதற்குள் மறுபடி முடிச்சுப்பக்கம். தர்மகர்த்தாவே வந்து தம் கையால் திருப்பினார். கையை எடுத்ததுதான் தாமதம், எல்லார் கண்ணெதிரிலும் திரை தானே புரண்டது.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அம்மையாருக்குத்தான் பொறுமை போயிற்று. கருவறையைப் பார்த்துக் கத்தினார்.

“நாலு வருசம் கண்ணு நோகத் தச்சேன். ஊரு சிரிக்குது. நீரு ஒருத்தர் பாக்கவாவே தச்சேன்?”

சொன்ன வாய் அப்படியே நின்றது. பின்னே யார் பார்க்கத் தைத்தாராம்? கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அப்போதும் கோபம் தீரவில்லை. “அதை முதல்லயே சொல்லியிருக்கலாம்லா?” என்றார்.

வெல்வெட் திரை பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டது. காளையைத் தமக்கென்று வைத்துக்கொண்டு முடிச்சுகளை ஊருக்குக் காட்டுகிறார் பெருமான். அவரிடமே சண்டை பிடித்த அந்தச் சிவந்த கண்களுக்கும் ஊசி குத்திய விரல்களுக்கும் நம் வணக்கம்.