கிளை இல்லாத தலைவி

அந்தக் காலத்தில், பறவைகள் பேசியதோடு நில்லாமல் கூட்டம் போட்டுத் தீர்மானமும் நிறைவேற்றிவந்த நாட்களில், ஓர் ஏரிக்கரை மருத மரத்தில் தலைவர் பதவி காலியானது. இருந்த நாரையை வேடன் வலைபோட்டுக் கொண்டுபோய்விட்டான்.

மரத்தடிச் சரளைக் கற்களுக்கு நடுவே நான்கு முட்டைகளோடு வாழ்ந்தாள் தித்தி என்னும் பறவை. நீண்ட மஞ்சள் கால்கள். ஆனால் பின்விரல் பெயருக்குத்தான் உண்டு. கிளையைப் பற்ற வராது. மரத்தார் அவளைத் தரைக்காரி என்றே அழைத்தார்கள்.

"தலைவர் பதவிக்கு நானும் நிற்கிறேன்" என்றாள் தித்தி.

"நீ எப்போதும் நின்றுகொண்டுதானே இருக்கிறாய்? உட்கார ஏது இடம்?" என்றார் கூட்டத்தை நடத்திய மைனா. மரமே சிரித்தது. பிறகு முறைப்படி கேட்டார்: "எந்தக் கிளை?"

கிளை என்றால் மரக்கிளை. கிளை என்றால் உறவு. இரண்டுக்கும் ஒரே சொல்லாக இருந்தது மரத்தாருக்கு மிகவும் வசதி.

"கிளை இல்லை. ஆனால் வேடன் எப்படி வந்தான் என்று தெரியும். நீங்கள் பருந்துக்குப் பயந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவன் நடந்து வந்தான்."

"கிளை இல்லை. சரி, அடுத்தவர்" என்றார் மைனா.

அப்போது ஒரு புதர் நகர்ந்தது. வேடன் மறைவுக்குப் பிடித்துவந்த இலைத்தட்டி அது; அதன் கீழே இரண்டு பாதங்கள். தரையில் இருந்த தித்திக்கு மட்டும்தான் அவை தெரிந்தன. அசையாமல் இருந்தால் அவள் முட்டைகள் கல்லோடு கல்லாகத் தப்பும். கத்தினால் அவன் கண் நேரே அங்கேதான் வரும். மேலே இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

தித்தி முட்டைகளை ஒருமுறை பார்த்தாள். "ஆள், ஆள்" என்று கத்தினாள்.

மரம் ஒரே வீச்சில் காலியானது. வெறுங்கையோடு நின்ற வேடன் சரளையை மிதித்துக்கொண்டு அவளை நோக்கி வந்தான். தித்தி இறக்கை ஒடிந்தவள்போல் இழுத்து இழுத்து நடந்து, அவனை ஏரிச்சேற்றில் முழங்கால்வரை இறக்கிவிட்டுப் பறந்து வந்தாள். மூன்று முட்டைகள் இருந்தன. நான்காவது அவன் குதிகாலில் போயிருந்தது.

மைனா முதன்முறையாகத் தரைக்கு இறங்கி வந்தார். உடைந்த ஓட்டைப் பார்த்தார். "மேலே வாருங்கள் அம்மா. உச்சிக்கிளை உங்களுக்குத்தான்."

"கிளை வேண்டாம். பதவியை மட்டும் கீழே இறக்கிவிடுங்கள்."

"தலைவி கீழே, நாங்கள் மேலே என்றால், பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்?"

"இந்த மரத்தில் பார்க்கிறவள் நான் ஒருத்திதான். எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றாள் தித்தி.

அன்று முதல்தான் அவள் குலத்துக்கு ஆட்காட்டி என்று பெயர். இன்றும் அவள் தரையிலிருந்து ஒரு குரல் கொடுத்தால் மரம் முழுவதும் எழுந்து பறக்கிறது; எந்தக் கிளை என்று ஒருவரும் கேட்பதில்லை. தலைவரைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர்கள் மை வைத்துக்கொள்ளும் விரலுக்கும் அவள் பெயரே அமைந்தது வெறும் தற்செயல் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.